சும்மா தொங்கிய ஒரு முனை

"மச்சான், பச்சையா எரியுதா?"

மேஜைக்கு அடியில் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகக் கிடந்த பிளம்பர் கேட்டார்.

"பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல மாப்ள. செவப்பா ஒண்ணு முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார் நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டர். அன்று விடுமுறை. விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"கொஞ்சம் பொறுங்க. ஏர் அடைச்சிருக்கும்."

"ஒயருக்குள்ளயா?"

"எதுக்குள்ள ஓடினா என்ன மச்சான், ஓட்டம் ஓட்டந்தான்."

மணி ஒன்றரை. மூன்று மணிக்குப் பிளம்பரின் மனைவிக்கு நேர்காணல். இதே அறையில், இதே கம்ப்யூட்டர் முன்னால், வீடியோவில். ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க் முழுவதையும் கவனித்துக்கொள்ளும் வேலை. ஒரு வருஷம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தாள். யாரோ தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்ந்து, அதைக் குட்டி சர்வராக மாற்றி அறை மூலையில் வைத்திருந்தாள். அனுபவம் உண்டா என்று கேட்டால் அந்த சர்வரைத் திறந்து காட்டிவிடுவது என்பது திட்டம். ஏற்கெனவே மூன்று இடங்களில், நாற்பது வயதுக்கு மேல் புதிதாகப் படித்தவர் வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள். இது நாலாவது. "இதுவும் இல்லேன்னா இதோட மூட்டை கட்டிடுறேங்க" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்ததுதான் பிளம்பருக்குத் தாங்கவில்லை.

காலையில் ஒத்திகை பார்த்தபோது, திரையில் அவள் முகம் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. நெட் கொடுக்கிற ரவுட்டர் ஹாலில் இருந்தது. பின்னறைக்கு வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. "பரவாயில்லங்க, மூணு மணிக்கு ஹால்லயே உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மூலச் சான்றிதழ் வாங்கப் பயிற்சி நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

ஹாலிலா? போகிறவர் வருகிறவர் நடுவிலா? பிளம்பருக்கு மனசு ஆறவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் அவர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போது அவருடைய போனை இவள்தான் எடுத்தாள். வாஷர் எது, எல்போ எது என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டு ஆட்களை அனுப்பி, ஒரு வாடிக்கையாளர் கூடக் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த ஐந்து மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசாததாலேயே அது பிளம்பரின் நெஞ்சில் கனமாக உட்கார்ந்திருந்தது. பதிலுக்கு ஒரே ஒரு காரியம், அவள் கேட்காமலே செய்து முடிக்க வேண்டும். அவள் வாசலைத் தாண்டியதுமே கடைக்குப் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கி வந்துவிட்டார்.

"பிரஷர் கம்மி மச்சான். நடுவுல ஒரு டேங்க் வச்சா சரியாப் போயிடும்."

சுவரில் துளை போட்டது அழகாக இருந்தது. ஹாலிலிருந்து கேபிள் இழுத்ததும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதில் குறை சொல்ல ஆளில்லை. சொருகிய பிறகுதான் கண்டக்டர் தன் போனைத் தட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, நல்லா ஓடிக்கிட்டிருந்த என் கிரிக்கெட்டும் நின்னுபோச்சே."

"என்ன சொல்லுது?"

"இந்த அட்ரஸ்ல ஏற்கெனவே யாரோ இருக்காங்களாம். எனக்கு என்னமோ ஒரே பஸ்ல ரெண்டு கண்டக்டர் ஏறின மாதிரி தோணுது. ஆளாளுக்கு நம்பர் போட்டு டிக்கெட் கிழிச்சா என்ன ஆகும்? பன்னெண்டாம் நம்பர் சீட்டுல ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்கார வேண்டியதுதான்."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் பஸ்ஸுதான்."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் குழாய். நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

பிளம்பர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஹாலுக்குப் போய்ப் பழைய ரவுட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

"பாருங்க, ஏர் ரிலீஸ். இதைத் திறந்து விடாம எப்படி ஓடும்?"

ஒரு குண்டூசியை விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தினார். எல்லா விளக்கும் ஒருதரம் அணைந்து, பெருமூச்சு விட்டதுபோல மெதுவாகத் திரும்ப எரிந்தன. பிளம்பர் முகத்தில் திருப்தி.

"மாப்ள, இப்போ நம்ம வீட்டு நெட்டோட பேரையே காணோம். வேற என்னமோ பேர் காட்டுது."

"அதெப்படி?"

"தன் பேரே அதுக்கு மறந்துபோச்சு. மண்டையில ஓங்கி அடிச்சா மனுஷனுக்கும் அப்படித்தான் ஆகும்."

மணி இரண்டே கால். தொழிலில் இப்படி ஆனால் அவர் ஒன்று செய்வார்: மூலத்திலிருந்து நுனிவரை ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வருவார். அப்படியே வந்தார். சர்வர் பக்கத்தில் எட்டுத் துளை உள்ள ஒரு பெட்டி. அறையிலுள்ள கேபிள் எல்லாம் அதில்தான் வந்து கூடின. அதில் ஒரு கேபிளின் ஒரு முனை சொருகியிருக்க, மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இதான் மச்சான் கோளாறு" என்றார்.

திறந்த முனை என்றால் அவருக்கு ஆகாது. ஒன்று மூடியிருக்க வேண்டும், இல்லை சேர்த்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷத் தொழிலில் எந்த இடத்துக்குப் போனாலும் திறந்த முனை ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரு வழி செய்யாமல் வெளியே வந்ததில்லை. அவரை நம்பிக் கூப்பிடுகிறவர்கள் அதற்காகவே கூப்பிடுவார்கள். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் பின்பக்கம் அவருக்கு அத்துப்படி. முன்பக்கப் பெயர்ப்பலகைதான் தெரியாது.

"பெரிய கட்டடத்துல வெந்நீர் லைன் போட்டா, திரும்பி வர்றதுக்கும் ஒரு லைன் போடுவோம். சுத்திக்கிட்டே இருந்தாத்தான் எந்த மாடியில திறந்தாலும் உடனே சூடா வரும். இங்க அது விட்டுப்போச்சு. பாவம், அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல."

சொல்லிக்கொண்டே தொங்கிய முனையை அதே பெட்டியில் காலியாக இருந்த துளையில் சொருகினார். க்ளிக் என்று கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்தப் பெட்டியிலிருந்த அத்தனை விளக்கும் பைத்தியம் பிடித்ததுபோலத் துடிக்க ஆரம்பித்தன.

"பாத்தீங்களா ஓட்டத்தை?" பிளம்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஓடுறது சரி மாப்ள. யாராவது எறங்குறாங்களா?"

யாரும் இறங்கவில்லை. கம்ப்யூட்டரில் எதுவும் திறக்கவில்லை. ஒரு வருஷ உழைப்பான அந்தக் குட்டி சர்வரைத் தேடினால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டர் சத்தியம் பண்ணியது.

போட்டதையெல்லாம் கழற்றிவிடலாம் என்றால் எல்லாக் கேபிளும் ஒரே சாம்பல் நிறம். எது முன்பே இருந்தது, எது தான் போட்டது என்று பிளம்பருக்கே குழம்பிவிட்டது. அந்தக் கம்பிக் காட்டுக்கு நடுவில் அவர் முழங்காலிட்டிருந்தபோதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மணி இரண்டே முக்கால். மனைவி அறை வாசலில் நின்றாள். சுவரிலிருந்த புதுத் துளையைப் பார்த்தாள். புது ரவுட்டரைப் பார்த்தாள். துடிக்கிற விளக்குகளைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"உனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தவர் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தார்.

"தெரியுதுங்க" என்றாள். கைப்பையை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லிடும்மா. இன்னொரு நாள் வச்சுக்குவாங்க" என்றார் அண்ணன்.

"இல்ல, என் பேரைச் சொல்லு. புருஷன் ஒரு மடையன்னு சொல்லு" என்றார் பிளம்பர்.

"ரெண்டு பேரும் சித்த சும்மா இருங்க."

மூன்று மணிக்கு அவள் தன் போனிலேயே, அதிலிருந்த நெட்டை வைத்து, அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டாள். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி திரையில் வந்தார். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

"சார், என் வீட்டு நெட்வொர்க் விழுந்து கெடக்கு. காரணம் இன்னும் தெரியல. சர்வரைக் காட்டறேன்னு எழுதியிருந்தேன், இப்போ முடியாது" என்றாள்.

பிளம்பர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எவ்வளவு நேரத்துல எழுப்புவீங்க?"

"அரை மணி."

"சரி, பண்ணுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். என்ன பண்றீங்கன்னு சொல்லிக்கிட்டே பண்ணணும்."

போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்வது பிளம்பரின் வேலையாயிற்று. படம் ஆடியது. "நேராப் பிடிங்க, அவருக்குத் தலை சுத்தும்" என்று மட்டும் மனைவி சொன்னாள்.

"ஒவ்வொரு கேபிளா எங்க போகுதுன்னு பாக்கறேன் சார். பாத்துப் பாத்து ஒண்ணொண்ணா கழட்டுவேன். எதைக் கழட்டினா விளக்கு அடங்குதோ, அதுதான் குத்தவாளி."

குற்றவாளி அகப்பட அதிக நேரம் ஆகவில்லை. ஒரு கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனவள், புறப்பட்ட பெட்டிக்கே திரும்பி வந்து சேர்ந்தாள்.

"இதோ சார். இதோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருக்கு. 'யாராவது இருக்கீங்களா'ன்னு உள்ள வர்ற ஒரு சின்னக் குரல் வெளிய போக வழியில்லாம சுத்திக்கிட்டே இருக்கு."

"ரிட்டர்ன் லைன்..." என்று பிளம்பர் முணுமுணுத்தார்.

"தண்ணி சுத்தினா அதே தண்ணிதாங்க சுத்தும். இது சுத்தச் சுத்த ரெண்டாகும், நாலாகும், நானூறாகும். வேற யாருக்கும் வழியே இருக்காது."

அதைப் பிடுங்கியதும் விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. அப்புறம் தன் நோட்டைத் திறந்து, பேர் மறந்துபோன பழைய ரவுட்டருக்கு அதன் பேரையும் கடவுச்சொல்லையும் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். புது ரவுட்டர் அட்ரஸ் கொடுப்பதை மட்டும் நிறுத்தினாள்.

"வீட்டுல ஒருத்தர்தான் டிக்கெட் கிழிக்கணும் சார்."

"நான் சொன்னேன்" என்றார் கண்டக்டர், காற்றைப் பார்த்து.

"சர்வருக்கு மட்டும் ரிசர்வ் பண்ணின சீட் சார், மாறாத அட்ரஸ். அது தினம் ஒரு எடத்துல உக்காந்தா, தேடி வர்றவங்க எங்க போய்த் தேடுவாங்க?"

இருபத்தாறாவது நிமிஷம் அந்தக் குட்டி சர்வர் கண் விழித்தது. போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே அதிகாரியைக் கூப்பிட்டாள். புது ரவுட்டரின் புண்ணியத்தில் படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா. ஒரு மாசமா எங்க ஆபீஸ்லயும் இதே கூத்துதான். காலையில நல்லா இருக்கும், எல்லாரும் வந்து உக்காந்ததும் படுத்துடும். மூணு நிபுணருங்க வந்து பெட்டி பெட்டியா மாத்தினாங்க. இப்படி ஒவ்வொரு ஒயரா யாரும் தடவிப் பாக்கல. ஒரு மாசத்துக்கு முன்னாடி இந்த வேலையே எங்ககிட்ட கெடையாது. இந்தத் தொல்லை தாங்காமத்தான் புதுசா ஒரு ஆள் போடுவோம்னு முடிவு பண்ணினோம். நாளைக்கே வந்துடுங்க."

கண்டக்டர் நாற்காலியிலிருந்து காலை இறக்கினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. பக்கத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நன்றியை இவருக்குச் சொல்லுங்க சார். எல்லாம் ஒழுங்கா இருந்திருந்தா, நான் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சுட்டு நாலாவது தடவையும் சும்மா எந்திரிச்சிருப்பேன். எனக்கு நல்லது பண்ணணும்னு காலையிலேர்ந்து மண்டியிட்டுக் கெடந்தவர் இவர்தான்."

பிளம்பர் தூசியும் ஒட்டடையுமாக அசடு வழிய நின்று கைகூப்பினார். கால் உடைந்த அந்த ஐந்து மாதத்துக்கு ஏதோ தன்னாலானது என்று நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அதிகாரியும் மரியாதையாகப் பதிலுக்குக் கும்பிட்டார்.

அப்போது அதிகாரிக்குத் தேநீர் கொண்டுவந்த உதவியாளர் அம்மாள், தம்ளரை வைக்கக் குனிந்தவள், திரையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தாள்.

"சார், இந்த அண்ணனை எனக்கு நல்லாத் தெரியுமே. போன மாசம் நம்ம வாஷ்பேசின் மாத்த வந்தப்போ, என் கால்ல தட்டுதேன்னு மேஜைக்கடியில பெட்டியிலேர்ந்து தொங்கின ஒயரை எடுத்து, யாரும் கேக்காமலே அதே பெட்டியில பாந்தமா சொருகிட்டுப் போன புண்ணியவான் இவர்தான்."