மோகனத்துக்கு மூலப்பத்திரம்

சொந்தமாக மெட்டுப் போட்டவன் எவனும் நிம்மதியாகத் தூங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. போட்ட மறுநிமிடமே, 'இதை எங்கிருந்து திருடினோம்?' என்ற சந்தேகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் ஆர்மோனியம். (வாசிப்பேன் என்று சொல்ல மாட்டேன், அழுத்துவேன்.) ஒருநாள் மோகன ராகத்தில் நாலு வரி மெட்டு அமைந்துவிட்டது. மொத்தமே ஐந்து சுரம், ஏறி இறங்கினால் பாட்டு. கேசட் கடை வைத்திருந்த சிநேகிதன் காதரிடம் பாடிக் காட்டினேன்.

"ஏலே, எங்கயோ கேட்ட மாதிரி இருக்குலே!"

"எங்க கேட்ட?"

"அதான் தெரியல."

அவன் கடையில் இருந்த கேசட்டை எல்லாம் போட்டுக் கேட்டேன். எதிலும் இல்லை. அது இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் கோதை. பார்த்தவுடன் பிடித்துவிட்டது. இந்த இடம் தவறிவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது. அவளுடைய அப்பா பத்திரம் எழுதுபவர். யாரைப் பார்த்தாலும் போலிக் கையெழுத்தைப் பார்ப்பதுபோலவே பார்ப்பார். கோதையைப் பாடச் சொன்னார்கள். ஒரு பாசுரம் பாடிவிட்டு உள்ளே போனாள். நான் பேசாமல் பஜ்ஜியைத் தின்றிருக்கலாம்.

"நானும் ஒண்ணு பாடுதேன். என் சொந்த மெட்டு," என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

இரண்டு வரி பாடினேன். மூன்றாவதற்கு மூச்சு இழுப்பதற்குள், உள்ளே இருந்து கோதை அந்த வரியை முணுமுணுத்துவிட்டாள். சுரம் பிசகாமல், நான் போட்டது போட்டபடி!

அவளுடைய அப்பா தட்டைக் கீழே வைத்தார். "தம்பி, சொந்த மெட்டுன்னீங்க. எம் மவளுக்கு எப்படித் தெரியுது? மூலப்பத்திரம் இல்லாத நிலத்த விக்க வந்த ஆளு மாதிரில்லா இருக்கு! பாட்டுலயே இம்புட்டு வில்லங்கம்னா, மில்லு வேலையாவது நெசந்தானா?"

எனக்கே அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. கல்யாணம் போனது, மானமும் போனது என்று செருப்பைத் தேடினேன். அப்போது கோதை வாசற்படிக்கு வந்தாள்.

"அப்பா, நான் இத முன்னப்பின்ன கேட்டதே இல்ல. அவிய கையில இருக்கது அஞ்சு சுரம். ரெண்டு வரியில அம்புட்டும் ஏறிட்டாவ. பொறவு இறங்கித்தான ஆகணும்?"

அவள் என்னைத் திருடன் என்றே விட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய அப்பா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"அப்பத் திருட்டு இல்ல. சரக்குதான் கம்மி. பரவாயில்ல, தேதி பாத்துருவோம்."

இன்றும் சொந்தக்காரர் விசேஷம் என்றால் என்னைப் பாடச் சொல்வார்கள். இரண்டு வரியோடு நிறுத்துவேன். மூன்றாவதை மொத்தப் பந்தலும் பாடும். போன வாரம் தாலி கட்டிய புதுமாப்பிள்ளையும் பாடினான். அந்த மெட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறானாம்.