தேங்காய்க்கு எதுக்கு என் நம்பர்?

தாம்பரம் ஸ்டேஷனில் தினம் இறங்குகிற அத்தனை ஜனத்திலும், தன் செல் நம்பரைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லோரும் கொடுத்துவிட்டவர்கள். துணிக்கடைக் குலுக்கலில் மிக்ஸி விழும் என்று நம்பி, பெயர், பிறந்த தேதி, கல்யாண நாள், மாதச் சம்பளம் வரைக்கும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, மறுநாள் லோன் வேண்டுமா என்று போன் வந்தால், "என் நம்பர் இவனுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று வாயைப் பிளக்கிற புத்திசாலிகள்.

அந்த ஒருவருக்கு எங்கள் பக்கத்தில் 'எதுக்கு' என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் 'எதுக்கு சார்' என்பார்கள். தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர். செம்பாக்கம், மாடம்பாக்கம், இரும்புலியூர் என்று சைக்கிளில் சுற்றுவார். மிஷின் மக்கர் செய்தால் அவரைக் கூப்பிட வழியில்லை. நூல்கண்டு விற்கிற கடையில் சொல்லி வைக்க வேண்டும். அவர் என்றைக்காவது அந்தக் கடைக்கு வந்தால் கேட்டுக்கொண்டு வருவார். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் பொங்கலுக்கு வந்தால் தையல்கார அக்காக்கள் சாபம் விடுவது இவருக்குத்தான்.

ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தேங்காயோடு கவுண்ட்டருக்கு வந்தார்.

"மொபைல் நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்கு?"

"பாயிண்ட் ஏறும் சார்."

"நான் வாங்குறது ஒரு தேங்காய். தேங்காய்க்கு எதுக்கு என் நம்பர்? சட்னி அரைச்சப்புறம் போன் பண்ணி ருசி கேக்கப் போறீங்களா?"

பின்னால் வரிசை நீண்டது. "யோவ், சும்மா பேஜார் பண்ணிகினு. சொல்லிட்டுப் போயேன்," என்றார் ஒருவர். கடைசியில் பின்னால் நின்ற ஒரு பெண்மணி, "என் நம்பரைப் போட்டுக்கோம்மா," என்று அவருடைய தேங்காயின் பாயிண்ட்டைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டார். நம் ஊரில் தியாகத்துக்கு இதுதான் விலை.

பல் பிடுங்கப் போன இடத்தில் தகப்பனார் பெயர் கேட்டார்கள். "பல்லு என்னுது. எங்கப்பா செத்துப் பல வருஷம் ஆச்சு. அவருக்கு எதுக்கு இந்த வலி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வீங்கிய கன்னத்தோடு நாலு நாள் மிஷினுக்கு எண்ணெய் போட்டார். செம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் நோட்டை நீட்டியபோது, எழுதுவதற்குப் பதிலாக உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "காலைல பத்தே காலுக்கு ரெண்டாவது மாடிக்கு ஏசி மெக்கானிக். பதினொண்ணுக்கு மூணாவது மாடிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. அண்ணா, இதெல்லாம் எனக்கு எதுக்குத் தெரியணும்?" மூன்றாவது மாடி அம்மாள் பால்கனியில் நின்றிருந்தார். பெண் பார்க்க வந்த ரகசியம் அன்றைக்குப் பிளாக் முழுவதும் தெரிந்தது.

எனக்கு அவரை அறவே பிடிக்காது. காரணம், அப்போது நான் கேட்கிற பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு செல்போன் கடையில் சிம் கார்டு பதிவு செய்யும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்தேன். அம்மா குரோம்பேட்டை தோல் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது என்னோடுதான் தொடங்கியது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு போன் வாங்கி, என் கையாலேயே சிம்மும் பதிவு செய்து கொடுத்தேன். அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை எதுக்கு வந்தார். சட்டைப் பையோடு சிம்மைத் துவைத்துவிட்டாராம். அதே நம்பர் வேண்டும். அந்த நம்பர் யாருக்காவது தெரியுமா என்றேன். "எனக்குத் தெரியும்," என்றார்.

"அப்பா பேர் சொல்லுங்க சார்."

"எதுக்கு?"

"ஃபார்ம்ல கேக்குது."

"ஃபார்முக்கு எதுக்கு?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார். நான் பி.காம் படிச்சிருக்கேன்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

அந்தப் பதிலுக்கு பி.காமில் பாடம் இல்லை.

"வேற ஒரு நம்பர் குடுங்க சார், ஓடிபி வரணும்."

"நம்பர் இல்லாமத்தானேம்மா நம்பர் வாங்க வந்திருக்கேன்."

போட்டோ எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். எதுக்கு என்றார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு என்றேன். "அப்ப இவ்ளோ நேரம் உன்னக் கேள்வி கேட்டது யாரு?" என்றார். முதலாளி உள்ளேயிருந்து, "இன்னா சார் உன்னோட ரோதனையாக் கீது," என்று முனகினார்.

கடைசியில் விரல் ரேகை வாங்க வேண்டும். இதில் எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிக் கொடுத்தது. "உழைக்கிற ஜனம்மா. விரல் ரேகை தேஞ்சிருக்கும். ஒரு தடவைல விழாது. நான் வாங்கிப் பார்த்துட்டு விழலன்னா, இன்னொரு தடவை வெக்கச் சொல்லு." எவ்வளவு இரக்கமான மனிதர் என்று நினைத்தேன். அம்மாவின் விரலைப் பார்த்து வளர்ந்தவள் நான். சுண்ணாம்பும் ஆசிடும் தின்று, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். அதனால் அவர் சொன்னதை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. விரல் வாங்கியதும் பதிவு செய்கிற டேப்லெட்டை முதலாளியிடம் கொடுப்பேன். அவர் பார்த்து, "விழல," என்பார். நானும் மறுபடி வைக்கச் சொல்வேன்.

அன்றைக்கும் முதலாளி வாங்கிப் பார்த்து, "விழல சார், இன்னொரு வாட்டி," என்றார்.

எதுக்கு சார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "விழுந்துச்சு. பச்சை டிக் வந்துச்சு. எட்டிப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

"சர்வர் பிராப்ளம் சார்."

"பிராப்ளம் அதுக்கு. விரல் எதுக்கு என்னுது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஊசி ஒரு தடவை எறங்கினா ஒரு தையல்மா. ரெண்டாவது தடவை எறங்கினா அது வேற தையல். இங்க மட்டும் எப்படி?"

முதலாளி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய சிம்மைக் கொடுத்து அவசரமாக அனுப்பினார். அம்மா என் முன்னால் மூன்று முறை விரல் வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் ஞாயிறு. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போனை எடுத்து, ஒருவர் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டும் அரசாங்கப் பக்கத்தைத் திறந்தேன். அதுவும் முதலில் நம்பரைத்தான் கேட்டது. கொடுத்தேன். மூன்று வந்தது. ஒன்று அம்மாவுடையது. மறுபடி மறுபடி வைத்த விரலில் எடுத்த மற்ற இரண்டும் யாரிடமோ.

விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு மூணு போனா? ஒண்ணுக்கே ரீசார்ஜ் பண்ண முடியலையேடி," என்றாள் அம்மா. அடுத்த மீனைக் கையில் எடுத்தவள், "என் பேர்ல பேசினு கீறாங்களா? இன்னா பேசுவாங்க?" என்றாள்.

தெரியவில்லை. யாரை ஏமாற்றுவார்களோ, எந்தப் பெண்ணுக்குப் போன் செய்து தொல்லை கொடுப்பார்களோ, போலீஸ் வந்தால் அம்மா வாசலுக்குத்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் பெயரை விற்றது, வீட்டிலேயே அதிகம் படித்த நான்.

திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்டேன். அவர் மறுக்கக்கூட இல்லை. "மாசம் இத்தனை சிம் விக்கணும்னு டார்கெட்டுமா. உங்கம்மாவா பில் கட்டப் போறாங்க? கம்ப்ளெயிண்ட் குடுக்கணும்னா குடு. விரல் வாங்கினது உன் ஐடில. மாட்டப்போறது யாரு, யோசிச்சுக்கோ."

நாற்காலியை விட்டு எழுந்து நேராக எதுக்கு சார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "இந்த அட்ரஸ் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"ஃபார்ம்ல இருந்துச்சு சார்."

"பாத்தியா. இதுக்குத்தான் கேட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். வாசலில் நிற்க வைத்தே திட்டினார். படிப்பைத் திட்டினார், டேப்லெட்டைத் திட்டினார், கண் சிமிட்டச் சொன்ன என்னையும் திட்டினார். நான் அழுது முடித்தபின் சட்டையை மாட்டிக்கொண்டு, "அம்மா எங்க இருக்காங்க? போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போலாம், வா," என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ் அக்கா, கடையில் நடந்ததை நேரில் பார்த்த சாட்சி யார் என்று கேட்டார். "நான்தான்," என்று எதுக்கு சார் முன்னால் வந்தார். பெயர் கேட்டார்கள், சொன்னார். தகப்பனார் பெயர் கேட்டார்கள், சொன்னார். கதவு எண், தெரு, வயது எல்லாம் சொன்னார். செல் நம்பர் கேட்டபோது நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எழுதியது சரியா என்று எட்டிப் பார்த்தார். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் ஆவாது, உக்காரும்மா," என்று தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

இரண்டு நம்பரும் துண்டிக்கப்பட்டன. கடை மூடியது. விசாரணைக்கு என்னையும் பல தடவை அலைய வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவருடைய சைக்கிள் ஸ்டேஷன் வாசலில் நின்றது.

இதுவரை எழுதி அனுப்பியதும் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, அவருடைய நிஜப் பெயரும் தொடர்பு எண்ணும் கொடுத்தால் போட்டோ எடுத்துப் போடலாம் என்றார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அவருக்காக இன்னும் எத்தனை வேண்டுமானாலும் சொல்வேன்.