புகைக்குச் சாட்சி

"விறகே எரிக்கறதில்லையா?" என்று டெபோரா மேடம் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க மேடம்," என்றாள் ஜோதி. "ஊட்டுக்குள்ள புகைன்னாலே எனக்கு ஆகாதுங்க."

இரண்டாவது உண்மைதான். பதினான்கு வருடமாக விறகடுப்பை ஊதி ஊதி அவள் கண்கள் சிவந்தே கிடந்தன. பரமத்தி வேலூர்ப் பக்கத்து ஊர்களில் சாண எரிவாயுக் கலன் இலவசமாகக் கட்டித் தருகிறார்கள் என்றதும் எப்படியாவது ஒன்றை வாங்கிவிடத் துடித்தாள். சேலத்திலிருந்து மேடம் வீடு பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் சமையலறைக்கு வெள்ளையடித்தாள். விறகடுப்பை மாட்டுக் கொட்டகைக்குக் கடத்தினாள். நான்கு மாதமாகக் காலியாகக் கிடந்த சிலிண்டரைத் துடைத்துப் பொட்டு வைத்தாள்.

"அப்ப உங்களுக்குக் கலன் கிடைக்காதும்மா," என்றார் மேடம், கைப்பேசியில் விரலை வைத்தபடி. "இதை அழுத்திட்டா அப்புறம் மாத்த முடியாது."

"ஏனுங்க கிடைக்காது?"

"கலனுக்கு யார் பணம் தர்றாங்கன்னு நினைக்கறீங்க? எங்கேயோ புகை விடற கம்பெனிக்காரங்க. அவங்களால குறைக்க முடியாத புகைக்குப் பதிலா, நீங்க இங்க குறைக்கற புகையை வாங்கிக்கறாங்க. அதுதான் கார்பன் சந்தை. புகையே இல்லாத வீட்டுல எதை எடுத்து விக்கறது?"

ஜோதி வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

"எரிப்போமுங்க மேடம்! தெனமும் எரிப்போமுங்க!"

"இப்பத்தானே சத்தியம் பண்ணீங்க?"

"வந்தவங்க முன்னால ஊட்டை விட்டுக்குடுக்கலாமுங்களா?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு எரிப்பீங்க?"

"அம்பது கிலோ இருக்குமுங்க."

"அம்பதா? கல்யாண மண்டபமா நடத்தறீங்க?"

"அஞ்சுங்க, அஞ்சுங்க!"

"எங்கே, அடுப்பைக் காட்டுங்க."

அவள் கணவன் குமரகுரு அடுப்பைத் தூக்கி வந்தான். அது சாணியால் மெழுகி, கோலம் போட்டுப் பளிச்சென்று இருந்தது. ஒளித்து வைப்பதானாலும் அழுக்காக ஒளித்து வைக்க ஜோதிக்கு மனம் வந்திருக்கவில்லை.

"இதுல ஒரு தடவைகூடச் சமைச்ச மாதிரித் தெரியலையே?" என்றார் மேடம்.

"இப்பப் பத்த வெச்சுக் காட்டறேனுங்க. ஏனுங்க, வெறகு எங்க?"

"வைக்கப்போருக்கு அடியில பொதைக்கச் சொன்னது நீதான?" என்றான் குமரகுரு. "எடுக்கறதுக்குள்ள பொழுது உளுந்துரும்."

கையில் கிடைத்த ஈரத் தென்னை மட்டையை ஒடித்து வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தான். தீ வரவில்லை. புகை வந்தது. கூரையில் முட்டி, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது.

"அய்யோ, ஜோதி ஊடு தீப்புடிச்சிருச்சு!" என்று பக்கத்து வீட்டுப் பாப்பாயி குடத்தோடு ஓடி வந்து, ஒரே வீச்சில் அடுப்பின் மேல் ஊற்றினாள். அடுப்பு இரண்டாகப் பிளந்தது. கரித்தண்ணீர் சுவரில் பாதியும் மேடத்தின் துப்பட்டாவில் மீதியுமாகத் தெறித்தது.

மேடம் கண்ணீர் வழிய இருமினார். "போதும்மா... நம்பறேன்." கறுத்த சுவரைப் படம் எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் எதையோ மாற்றி அழுத்தினார்.

ஜோதி கும்பிட்டாள். "எப்பங்க மேடம் கட்டித் தருவீங்க?"

"ஊருக்கு இருபது வீடாவது சேரணும். அதுக்குக் குறைஞ்சா சந்தையில எடுக்க மாட்டாங்க. நீங்கதான் கடைசி வீடு. உங்களோட சேர்த்து..." மேடம் கைப்பேசியைப் பார்த்தார். "ஒண்ணு."

"ஒண்ணுங்களா? இந்த ஊரே வெறகுலதானுங்க சமைக்குது! அவளுகளுக்கு எதுக்குங்க இந்தப் பொய்யி?"

வாசலில் வண்டியருகே நின்றிருந்த டிரைவர் மாதேஷ் எட்டிப் பார்த்தான்.

"தண்ணி வாங்கிக் குடிச்ச ஊட்லயெல்லாம் நானும் அதையேதானுங்க்கா கேட்டேன். அதுக்கு, 'மகளிர் குழுத் தலைவி ஜோதி பேசறேன், மேடம் கண்ணுல ஒரு வெறகுக் குச்சி பட்டாலும் நம்மூரு மானம் போயிரும்'னு நீங்க நேத்து வாட்ஸப்புல பேசி அனுப்புனதைத்தான் எல்லாரும் போட்டுக் காட்டினாங்க."