அடுத்தமுறை ஐயாவின் அம்புக்குறிகள்

கொழும்பில் எப்போது குண்டு வெடிக்குமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலத்தில், வெடித்தால் காயப்பட்டவர்கள் எந்த வாசலால் வரவேண்டும் என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் அடுத்தமுறை ஐயாதான். அவரைப்போல ஒரு விசரரை, கிறுக்கரை இந்த நகரம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

யுத்த காலம். நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்து, ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளாக்கர் உத்தியோகம் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அங்கே நிர்வாகப் பகுதியில் ஐயா எனக்கு மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். காற்சட்டையை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஏற்றி பெல்ட் கட்டுவார். அவருக்கு அந்தப் பெயர் வந்த கதை மட்டும் சிரிப்புக்குரியது அல்ல.

நகரத்தில் ஒரு பெரிய வெடி நடந்தது. காயப்பட்டவர்களை பஸ், லொறி, திறீவீலர் என்று அகப்பட்டதில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு வாசல். இரத்தம் கொடுக்க ஓடிவந்த நல்ல மனிதர்களும் அதே வாசலால் வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சின்னக் காயத்தோடு சத்தம் போட்டவர்களுக்குக் கட்டில் கிடைத்தது. சத்தம்போடச் சீவன் இல்லாதவர்கள் நடையில் கிடந்தார்கள். ஐயா அந்த நடையில் பின்னேரம் வரைக்கும் நின்றார். அடுத்த நாள் தொடக்கம் அவர் வாய் திறந்தால் முதலில் வரும் சொல், "அடுத்தமுறை."

"அடுத்தமுறை மேற்கு வாசலைத் திறக்கவேணும். அடுத்தமுறை ரத்தம் குடுக்கிறவையை நேர்ஸ் ஹொஸ்டலுக்கு அனுப்பவேணும்."

"சேர், அடுத்தமுறை எண்டு சொல்லாதேங்கோ. கேக்கவே நெஞ்சு பதறுது," என்றேன் ஒருநாள்.

"பதறினால் பதறட்டும் தம்பி. பதறிப்போட்டு அந்த பெயின்ற் வாளியை இஞ்சால தாரும்."

ஆம், பெயின்ற். சுவர் முழுவதும் அம்புக்குறி கீற ஆரம்பித்திருந்தார். உயிராபத்தான காயத்துக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கக்கூடிய காயத்துக்கு மஞ்சள், நடக்கக்கூடியவர்களுக்குப் பச்சை. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் குண்டு வெடிக்காத நாட்களிலும் சனங்கள் சுவரைப் பார்க்கிறார்கள் என்பதை ஐயா யோசிக்கவில்லை. பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பன் ஒருவர் சிவப்பு அம்பைப் பிடித்துக்கொண்டே போய், ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் சேர்ட்டைக் கழற்றும் கட்டத்தில்தான் மீட்கப்பட்டார். பச்சை அம்பு கன்ரீனுக்குப் பக்கத்தில் முடிந்ததால் கன்ரீன்காரருக்கு நல்ல வியாபாரம். பச்சை ஒரு கட்சியின் நிறம் என்று மற்றக் கட்சியின் தொழிற்சங்கம் கொதித்தெழுந்தது. அவர்களைச் சமாதானப்படுத்த ஐயா அவர்களுடைய நீல நிறத்திலும் ஒரு அம்பு கீறினார். அது எங்கேயும் போகவில்லை, சும்மா ஒரு சுவரில் தொடங்கி அதே சுவரில் முடிந்தது. சங்கத்துக்குத் திருப்தி.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை. கந்தோரில் வேலைசெய்யும் ஆட்கள் எல்லோரும் காயப்பட்டவர்களாக நடிக்கவேண்டும். கழுத்தில் நிற அட்டை, உடம்பில் பன்டேஜ், பன்டேஜில் சிவப்பு மை. நான் மெலிந்தவன், தூக்க லேசு என்பதால் எனக்கு எப்போதும் வயிற்றுக் காயம். சிக்கல் வந்தது பெரிய கிளாக்கரால். ஐயா அவருக்குப் பச்சை அட்டை கொடுத்தார். மனிதர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் இருபத்தைஞ்சு வருஷ சேவை. எனக்குக் கால் சுளுக்கோ? நேற்று வந்த பெடியனுக்கு வயித்துக் காயம்."

"உங்களைத் தூக்க ஏலாது, அதுதான்."

"சேர், உத்தியோகக் கிரேட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு."

அவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்ததும் மற்றப் பெரியவர்களும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த ஒத்திகையில் கந்தோரில் கனமானவர்கள் எல்லோருக்கும் உயிராபத்தான காயம். ஸ்ட்ரெச்சர் தூக்கிய சிற்றூழியர்கள் இருவர் இடுப்புப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே நோயாளியானார்கள். அதே நேரம் மத்தியானச் சோற்றுடன் வந்த பெரிய கிளாக்கரின் மனைவி, கணவர் தலையில் சிவப்புக் கட்டோடு போவதைக் கண்டு அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். மயங்கி விழும் உறவினருக்கு அம்பு இல்லை. ஐயா ஓடிப்போய் ஊதா பெயின்ற் வாங்கி வந்தார்.

டொக்டர்மார் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர் மேட்ரன். சிங்களப் பெண்மணி, அவர் நடந்து வந்தால் வார்ட்டில் கட்டில்களே நேராக நிற்கும். அவர்தான் பழைய சாமான்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த மேற்கு வாசலைத் திறப்பித்துக் கொடுத்தார்.

ஒரு கடைசி வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் பன்டேஜ் கட்டிக்கொண்டு மத்தியானம் தயாராக நிற்கிறோம். ஐயாவைக் காணவில்லை. காலையில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போயிருந்தார், அங்கேயிருந்து அம்புலன்ஸ் வர எந்த ரோட்டு சுகம் என்று பார்க்க. பார்த்ததோடு நின்றிருந்தால் நல்லது. காவலரணில் துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரரிடம் போய், தன் அரைகுறைச் சிங்களத்தில் மிகுந்த மரியாதையாக, "மாத்தயா, இந்த இடத்தில் குண்டு வெடித்தால் நீங்கள் எந்த ரோட்டை மூடுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். சட்டைப்பையில் கையால் கீறிய ரோட்டுப் படம். அதிலே சிவப்பு அம்பு, மஞ்சள் அம்பு. அந்த இரண்டு நிறமும் சேர்ந்தால் அந்தக் காலத்தில் எந்தக் கொடி ஞாபகம் வரும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பொலிஸில் இருந்து போன் வந்தது. மேட்ரன் எடுத்தார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நம்முடைய விசர் மாத்தயாவைப் பிடித்துவிட்டார்கள். பின்னேரம் வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம்," என்றார் சிங்களத்தில்.

வேறு இடம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அங்கே போன தமிழர் எப்போது வருவார், வருவாரா என்று ஒருவரும் சொல்ல முடியாது. கொழும்பில் தங்கும் தமிழருக்குக் கட்டாயமான பொலிஸ் பதிவுத் துண்டையே லொட்ஜில் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவன் நான்.

"மல்லி, அம்புலன்ஸில் ஏறு," என்றார் மேட்ரன் என்னிடம். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. "எல்லோரும் ஏறுங்கள்."

"மிஸ், இந்தக் கட்டோடயா?"

"அந்தக் கட்டோடுதான்."

அம்புலன்ஸ் ஓட்டுபவர் கொம்பனித்தெரு முஸ்லிம், எங்கள் எல்லோருக்கும் நானா. "சைரன் போடவா மிஸ்?" என்று கேட்டார். "போடு," என்றார் மேட்ரன். பெரிய கிளாக்கர் வழக்கம்போல ஸ்ட்ரெச்சரில்.

சைரனோடு ஒரு வண்டி நிறையக் காயக்காரர் வந்து இறங்கினால் பொலிஸ் நிலையம் என்ன பாடுபடும்? வாசலில் நின்ற கொஸ்தாப்பு துப்பாக்கியைத் தூக்குவதா, எங்களைத் தூக்குவதா என்று தெரியாமல் உள்ளே ஓடினார். இன்ஸ்பெக்டர் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார்.

"எங்கே வெடித்தது?"

"ஓரிடமும் இல்லை," என்றார் மேட்ரன். "இதுதான் நீங்கள் பிடித்து வைத்திருக்கிற மனிதர் செய்கிற வேலை. மாதத்துக்கு ஒருமுறை எங்களை இந்தக் கோலம் ஆக்குவார்."

இன்ஸ்பெக்டர் ஸ்ட்ரெச்சரில் கிடந்த சிவப்பு அட்டையைப் பார்த்தார். "இவருக்கு என்ன?"

"சீரியஸ், சேர்," என்றார் பெரிய கிளாக்கர், கண்ணை மூடியபடியே.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயாவின் படத்தை வாசல் மேசையில் விரித்து, நிறங்களைக் காட்டினார். மேட்ரன் குனிந்து பார்த்தார்.

"ஓம், சிவப்பும் மஞ்சளும்தான். போன முறை உங்கள் பொலிஸ் பொடியன்கள் எத்தனை பேர் எங்கள் நடையில் கிடந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? அவர்களை நடையில் கிடத்தக்கூடாது என்பதற்காகக் கீறிய படம் இது. கொண்டுபோவதென்றால் என்னையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். வாசலைத் திறப்பித்தது நான்."

இன்ஸ்பெக்டர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு ஐயாவைக் கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார்.

ஐயாவைக் கொண்டுவந்தார்கள். பெல்ட்டைக் கழற்றி எடுத்திருந்தார்கள். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கன்னம் ஒன்று வீங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் அழுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, வயித்துக் காயத்தோட நீர் ஏன் நடந்து வாறீர்? ஆர் உம்மை நடக்க விட்டது?"

அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் சிரித்தார். மேட்ரன் கையெழுத்து வைத்தார். நாங்கள் புறப்படும்போது இன்ஸ்பெக்டர் ஜன்னலால் தலையை நீட்டி, "எங்கள் ஆட்களைக் கொண்டுவந்தால் எந்த வாசல்?" என்று கேட்டார். ஐயா சொல்ல வாயெடுக்க முதலே, "மேற்கு வாசல்," என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

வண்டி ஓடத் தொடங்கியபிறகு ஐயா வீங்கிய கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தனக்கு ஒன்றும் இல்லை என்றார். நானா சைரனை நிறுத்திவிட்டு மெல்ல ஓட்டினார். மேட்ரன் பக்கத்தில் வந்து இருந்து, நாடி பார்ப்பதற்கு ஐயாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை. நாடி பார்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை என்று வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்த மனிதரில் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அவருடைய மற்றக் கையை நான் பிடித்துக்கொண்டு இருந்தேன்.