பதினேழாம் பக்கமும் பத்து நாள் அவகாசமும்

என் அக்காவை இத்தனை வருஷமாகச் சமாளித்துவரும் மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். நேற்று மாலை நாலரை மணிவரை நலமாக இல்லை, அதற்குப் பிறகுதான் நலம்.

மாடியில் ஓர் அறை கட்ட வீட்டை அடமானம் வைக்கப்போவதாகச் சொன்னேனல்லவா? கடனுக்கு ஏற்பாடு செய்த தரகருக்கு எங்கள் தெருவில் 'கவலையவிடு' என்று பெயர். வட்டி எவ்வளவு? கவலைய விடுங்க. கட்ட முடியாமல் போனால்? கவலைய விடுங்க. நானும் விட்டுவிட்டு, போன வாரம் நாற்பத்தொரு பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நடுவில் மை தீர்ந்தபோது அவரே வேறு பேனா கொடுத்தார், அவ்வளவு நல்ல மனுஷன்.

அதற்குள் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. அடமானக் கடன் தரகர்கள் இனிமேல் உரிமம் எடுக்க வேண்டுமாம், தங்கள் கமிஷனைத் தங்கள் கையாலேயே எழுதிக் காட்ட வேண்டுமாம், ஏற்கெனவே கையெழுத்தான பத்திரமானாலும் முழுவதையும் வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டுமாம், அப்படியும் பிடிக்கவில்லை என்றால் கையெழுத்திட்ட பத்து நாளுக்குள் நாம் ரத்து செய்யலாமாம். ஆகவே நேற்று மனுஷன் மூக்குக்கண்ணாடியும் கையுமாக வந்து உட்கார்ந்தார். கமிஷன் கட்டத்தை நிரப்பும்போது இன்னொரு கையால் மறைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அம்மாடி, மாடி ரூம் நமக்கா, இவருக்கா?" என்றாள். அவர் காதில் விழாத மாதிரி படிக்க ஆரம்பித்தார். நான் பத்தாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். பதினேழாம் பக்கத்தில் சத்தம் நின்றதும் முழிப்பு வந்தது. இரண்டு வருஷம் கழித்து வட்டியைக் கடன் கொடுப்பவர்கள் இஷ்டத்துக்கு ஏற்றலாம், மூன்று தவணை தவறினால் வீடு ஏலம் என்று அதில் இருக்கிறது, அத்தான்!

"இதை எப்ப சேத்தாங்க?" என்றார் அவர்.

"நீங்கதானே கொண்டுவந்தீங்க?"

"கொண்டுவருவேன் சார். பன்னெண்டு வருஷமா கொண்டுவரேன். யாரு படிச்சா?"

உடனே செல்போனை எடுத்து அவர் வீட்டுக்குப் பேசினார்: "ஏய், பீரோவுல நம்ம வீட்டுப் பத்திரம் இருக்கு பாரு, பதினேழாம் பக்கத்தை எடு... எடுத்துட்டியா? சரி, நீ முதல்ல உக்காரு." பாவம், தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தோம். ரத்துப் படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் பிறந்து வளர்ந்த வீடு, அத்தான். தப்பித்தது. ராத்திரி சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். சட்டம் போட்ட புண்ணியவான்கள் நூறு வருஷம் இருக்கட்டும்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு என் வணக்கம்.

நிம்மதியுடன்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: ரத்து செய்ய ஜாமீன்தாரரும் கையெழுத்திட வேண்டுமாம். ஜாமீன்தாரர் நீங்கள்தான். போன மாதம் வந்தபோது, கிளம்பும் அவசரத்தில் குழாய் இணைப்பு மனு என்று சொல்லி ஒரு தாளை நீட்டினேனே, அதுதான். கோபம் வேண்டாம், படிவம் இணைத்திருக்கிறேன். கெடுவுக்கு மூன்றே நாள். தயவுசெய்து படித்துக்கொண்டு உட்காராமல், உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.