கழுவினாலும் போகாது

முகம் கழுவியும் திருநீறு போகவில்லை என்றபோதுதான், தான் திருநீறே பூசவில்லை என்பது பிரதாபனுக்கு நினைவுக்கு வந்தது.

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். துவாயால் அழுத்தித் துடைத்தான். நெற்றியில் இடமிருந்து வலமாக மூன்று வெள்ளைக் கோடுகள், முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன.

அவன் கடைசியாகத் திருநீறு பூசியது மனைவி தாரிணியின் காரியத்தன்று. அது நடந்து பதினான்கு மாதம். அதன் பிறகு கடவுளோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு டொக்டரிடம் போனான்.

"இது கிரீமால் வந்தது," என்றார் டொக்டர். நெற்றியில் வந்த எக்ஸிமாவுக்கு மருந்து எழுதித் தந்தவர் அவர்தான். "எத்தனை நாள் பூசினீர்கள்?"

"நீங்கள் சொன்ன மாதிரி, ஒரு கிழமை."

டொக்டர் கணினியைப் பார்த்தார். "நான் எழுதித் தந்து ஆறு கிழமை ஆகிறது. கடைசியாக எப்போது பூசினீர்கள்?"

"இன்று காலை."

அந்த ஒரு கிழமை எப்போது முடிந்தது என்று பிரதாபனுக்குத் தெரியாது. தாரிணி போன பிறகு வந்த கிழமைகள் எல்லாம் அப்படித்தான்.

"சரி, ஏன் கோடு கோடாக இருக்கிறது? எப்படிப் பூசினீர்கள், காட்டுங்கள்."

பிரதாபன் கையைத் தூக்கினான். யாரும் சொல்லாமலே மூன்று விரல்கள் சேர்ந்துகொண்டு நெற்றியில் இழுபட்டன. நாலு வயதில் அம்மா பழக்கியது. பதினான்கு மாதமாக வேலையில்லாமல் இருந்த விரல்களுக்குக் குழாயிலிருந்து வெள்ளையாக ஏதோ கிடைத்திருக்கிறது. அவை தம் பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டன.

"கிரீமை நிறுத்துங்கள். நிறம் திரும்பி வரும்."

"எப்போது?"

"மூன்று மாதம். ஆறு மாதமும் ஆகலாம். காத்திருக்க வேண்டியதுதான்."

நியூசிலாந்தின் ஓக்லாந்தில், கிளென்ஃபீல்டில் இருந்த அவனுடைய வீட்டில் இப்போது இரண்டே பேர். அவனும், தாரிணியின் அம்மா சரோஜாதேவியும். மகளோடு இருக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மகள் இல்லாத வீட்டில் மருமகனோடு மிஞ்சிப்போனார். போகச் சொல்ல அவனுக்கு மனமில்லை. போக அவருக்கு இடமில்லை. "சாப்பிட்டீங்களோ தம்பி?" "ஓம் மாமி." ஒரு நாளைக்கு அவ்வளவுதான் கதை.

மாமி வாசலைத் தாண்டி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சாமிப் படங்களையெல்லாம் துணியில் சுற்றி, சுடுதண்ணீர்ச் சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். போன குளிர்காலத்தில் வீட்டில் குளிராமல் இருந்தது கடவுள்கள் மட்டும்தான்.

மாமி விடாமல் செய்தது ஒன்றே ஒன்று. அவர் சுத்த சைவம். பிஸ்கட்டோ யோகட்டோ பற்பசையோ, எது வீட்டுக்குள் வந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை வாசிப்பார். மாட்டுக் கொழுப்பு, மீனெண்ணெய் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது குப்பைக்குப் போகும்.

டொக்டரிடமிருந்து திரும்பி வந்தவனை மாமி குசினி வாசலில் மறித்தார்.

"தம்பி, இஞ்ச ஒருக்கால் வாங்கோ."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவனுடைய நெற்றியை வெகுநேரம் பார்த்தார். பிரதாபன் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவம். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

டொக்டர் கெஞ்சியும், கவுன்சிலர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தும் வாசலைத் தாண்டாத மனுசி. மருமகன் மனம் மாறிவிட்டான் என்று நினைத்துவிட்டார். அவனே போகத் தொடங்கினால் தானும் போகலாம் என்று நினைத்துவிட்டார்.

"ஓம் மாமி," என்றான்.

பிறகு குளியலறைக்குப் போய், கண்ணாடித் தட்டில் கிடந்த, மருந்துக்கடைத் திகதியும் 'ஏழு நாள் மட்டும்' என்ற குறிப்பும் ஒட்டியிருந்த கிரீம் குழாயை எடுத்துப் பொக்கெற்றில் போட்டுக் கொண்டுபோய்க் காருக்குள் ஒளித்தான்.

கோயில் பாபடோயிட்டோய்ப் பக்கம், பழைய களஞ்சியம் ஒன்றில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லர்ஸ்லியில் வேலை முடித்து, வடக்கே பாலம் தாண்டி மாமியை ஏற்றி, அதே நெரிசலில் திரும்பத் தெற்கே வரவேண்டும். வந்ததும் மாமி உள்ளே போய் அர்ச்சனைச் சீட்டு எழுதுவார். பிரதாபன் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வான். பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் அதற்கு மேல் போக அவனுக்கு விருப்பமில்லை.

முதல் வெள்ளியே சற்குணம் பிடித்துக்கொண்டார். கோயில் சபைத் தலைவர். மைக் இல்லாமலே மைக்கில் கதைப்பவர்.

"தம்பி! வேலையால நேர வாறீரோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப ஒஃபிஸிலயும் இப்பிடியேதான்?"

"…ஓம்."

சற்குணம் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "பாருங்கோ! எங்கட பிள்ளையள் கார் பார்க்கிலேயே அழிச்சுப்போட்டுத்தான் வீட்ட போகுதுகள். இந்தப் பிள்ளை வெள்ளைக்காரனுக்கு முன்னால நெத்தி நிறையப் பூசிக்கொண்டு இருக்குது!"

பிரதாபன் செருப்புத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனான். மதியத்துக்குள் மேலாளர் ஹெலன் தனியறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"பிரதாப், இங்கே நீ எதையும் மறைக்கத் தேவையில்லை," என்றார் கண் கலங்க. "உன் நம்பிக்கை உன் பெருமை."

"இது நம்பிக்கை இல்லை, ஹெலன். எக்ஸிமா."

"புரிகிறது," என்றார் ஹெலன், கொஞ்சமும் புரியாமல். பின்னேரம் எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. அலுவலகத்தில் சமய அடையாளங்களை மதிப்போம் என்று. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

டிசம்பரில் வெயில் ஏறியது. வெயிலில் காய்ந்தால் தோல் கறுக்கும், கோடும் சேர்ந்து கறுத்துவிடும் என்று கணக்குப் போட்டான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பின்வளவில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். ஓக்லாந்து வெயில் ஏமாற்றவில்லை. முகம் முழுதும் கறுத்தது, கோடு மூன்றையும் தவிர.

"தம்பிக்கு விரதம்போல," என்றார் சற்குணம் அடுத்த வெள்ளி. "முகம் வாடிக்கிடக்கு. ஆனா நெத்தியில இருக்கிற ஒளியைப் பாருங்கோ!"

கடைசி வழி மேக்கப். கிளென்ஃபீல்ட் மோலில் ஒரு பெண் அவனுடைய கையில் ஏழு புட்டிகளைப் பூசிப் பார்த்தாள். அவனுடைய நிறம் எதிலும் இல்லை. கிட்டத்தட்ட வந்தது 'தேன்' என்று பெயர் போட்ட ஒன்று. கடை வெளிச்சத்தில் சரியாகத்தான் இருந்தது. கோயில் மஞ்சள் பல்புக்குக் கீழே அது சந்தனமாகிவிட்டது.

"திருநீற்றுக்கு மேல சந்தனமும்!" சற்குணத்துக்குக் குரல் தழுதழுத்தது. "தம்பி, வர்ற மாதம் எங்கட தமிழ்ப் பள்ளிப் பிள்ளையளுக்கு நீர் கதைக்கோணும். மாட்டன் எண்டு சொல்லக்கூடாது."

அவன் மாட்டேன் என்று சொல்லத்தான் போனான். சற்குணத்தின் தோளுக்கு மேலால் மாமி தெரிந்தார். கால் நீட்டி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ரதிதேவி அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ரதிதேவி அக்கா சிரித்தார். அதைப் பார்த்து மாமியும் சிரித்தார்.

"சரி அண்ணை," என்றான் பிரதாபன்.

நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அங்கிள், நீங்கள் நீந்தப் போனால் அது அழிந்துபோகாதா?"

பிரதாபன் யோசித்தான். பல கிழமைக்குப் பிறகு உண்மை சொல்ல ஒரு சந்தர்ப்பம்.

"இல்லை," என்றான். "கழுவினாலும் போகாது."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. சற்குணம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

இதற்கிடையில் வீடு மாறிக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து பிள்ளையார் முதலில் வெளியே வந்தார். பின்னால் முருகன். அதற்கடுத்த கிழமை தாரிணியின் படமும் சுவருக்கு வந்தது. கறிக்குத் தாளிக்கும் வாசம் வந்தது. மாமி அவனோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார். ஒருநாள் தாரிணி சின்ன வயதில் பல்லிக்குப் பயந்து ஓலைக் குசினியைவிட்டு ஓடிய கதையைச் சொன்னார். அவனுக்கு அந்தக் கதை தெரியாது. அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது என்பது அவனுக்கு அன்றைக்கு முழுதும் போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது கீழ்க்கோட்டின் வலது முனை காணாமல் போயிருந்தது.

நிறம் திரும்புகிறது.

இத்தனை மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் கோடு போனால் மாமி கேட்பார். பொய் என்று தெரிந்தால், பிள்ளையார் மறுபடியும் சிலிண்டருக்குப் பக்கத்தில் போய்விடுவார். மாமியும் அவரோடு உள்ளே போய்விடுவார்.

சாமித் தட்டில் இருந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்தான். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறை. போன இடத்தை மட்டும் நிரப்பினான். அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம். தோல் கறுக்கக் கறுக்க அவன் வெளுப்பாக்கினான். பெப்ரவரி முடிவில் நெற்றியில் கிரீமின் வேலை ஒன்றும் மிச்சமில்லை. மூன்று கோடும் முழுக்க அவனுடைய கைவேலை.

மார்ச் முதல் வெள்ளி, கோயில் கார் பார்க்கில் இறங்கும்போது மழை கொட்டியது. குடை ஒன்றுதான். அதை மாமிக்குப் பிடித்துக்கொண்டு பிரதாபன் நனைந்தபடி ஓடினான். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நெற்றியிலிருந்து வெள்ளைத் தண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

மாமி சேலைத் தலைப்பால் அவனுடைய நெற்றியைத் துடைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முடிந்தது, என்று நினைத்தான் பிரதாபன்.

"மாமி, ஒண்டு சொல்லோணும். நான்…"

"பிறகு சொல்லலாம். பூசை தொடங்கப் போகுது. உள்ள வாங்கோ."

"இல்லை மாமி, இது வந்து…"

"வாங்கோ எண்டுறன்."

செருப்புத் தட்டைத் தாண்டி அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மூலஸ்தானத்துக்கு முன்னால் பெரிய பித்தளைப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் ஆவி பறந்தது. ரதிதேவி அக்கா வாழைப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்ன விசேஷம் என்று அவனுக்கு விளங்கவில்லை. மாமி குருக்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருடைய முகம் முழுதும் சிரிப்பு.

குருக்கள் கற்பூரத் தட்டோடு இறங்கி வந்தார். அவனுக்கு முன்னால் நின்று, தட்டை உயர்த்தி, அந்த வெளிச்சத்தில் அவனுடைய நெற்றியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"இருபத்தொரு வெள்ளிக்கிழமை, தம்பி, உங்கட பேரிலயும் நட்சத்திரத்திலயும்தான் அம்மா அர்ச்சனை செய்விச்சவ: ஒரு கிழமை பூசுற கிரீமை மருமோன் ஆறு கிழமை பூசிப்போட்டார், பிள்ளையின்ர நிறம் திரும்பி வரோணும் எண்டு."