ஆபீஸ் வேனுக்கு அடித்த கவசம்

செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு ஆபீஸ் வேனைப் போர்க்களத்து வண்டி மாதிரி ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் டாங்கிதான். ராணுவத்தில் டாங்கி என்னும் கவச வண்டி ஓட்டியவர்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். எங்கள் அலுவலகத்தில் டிரைவரானார்.

வந்த மாதமே, வேனைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு இரும்புக் கம்பி அடித்தார்.

“இன்னாத்துக்கு அண்ணாத்த இது, கோழி வளக்கவா?” என்றாள் எங்கள் கிளார்க் மேரி.

“ராக்கெட்டு வந்தா கம்பியிலயே மாட்டிக்கும்மா. உள்ள கீற ஆளு பொழச்சிக்குவான்.”

“நம்ம மேல யாரு வுடப்போறான்?”

“சொல்லிட்டா வுடுவான்?”

ராக்கெட் வரவில்லை. ஒரு பசு மாட்டின் கொம்புதான் வந்து மாட்டியது. விடுவிக்க அரை மணி நேரமானது.

திருக்கழுக்குன்றம் கடைத்தெரு வந்தால் எங்களில் இருவர் இறங்கி, மாடிகளைப் பார்த்தபடி வேனின் இருபுறமும் நடக்க வேண்டும். மேலாளரான நானும் சாப்பாட்டுப் பையோடு நடந்தேன். காய்கறிக்காரர்கள் சல்யூட் அடித்தார்கள்.

“இன்னாய்யா இது கூத்து?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“தெருவுக்குள்ள வண்டிக்குக் கண்ணு கெடையாது சார். நடக்கறவந்தான் கண்ணு. அவனுக்கு வண்டிதான் சொவுரு. ஒரு தபா அவசரம்னு நடக்கற ஆளுங்க இல்லாமலே சந்துல பூந்துட்டேன். மாடிலேர்ந்து சுட்டாங்க. வண்டிக்கு மேல தலைய நீட்டிகினு இருந்தவன் போயிட்டான்.”

பிறகு ஹாரன் அடித்தார். எதிரே யாருமில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரியையும் டாங்கி இறக்கி நடக்கவிட்டார். ஒரு மாடியிலிருந்து துணி அலசிய தண்ணீர் அதிகாரியின் வழுக்கையில் விழுந்தது.

“மேல பாத்துகினு நடங்கன்னு சொன்னேனே சார்” என்றார் டாங்கி, உண்மையான வருத்தத்தோடு.

என் பதவி உயர்வு போய்விடுமோ என்று பயந்தேன். ‘ஓட்டுநருக்கு மனநிலை சரியில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வேலை போனது. அந்த ஒரு வரிக்குப் பிறகு வேறு யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எங்கும் உட்காரப் பிடிப்பதில்லை. சென்ற வாரம் சதுரங்கப்பட்டினம் போனேன். மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துச் சாக்கு விரித்தார்.

“எவனோ எழுதிப் போட்டுட்டான். நீங்க இன்னா பண்ணுவீங்க சார், பாவம்” என்று என்னைத் தேற்றினார். நான் அதில் உட்காராமலே பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

எழுதியவன் நான்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சொல்லப்போகிறேன். அவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். திட்டி முடித்தபின் பக்கத்தில் சற்று நேரம் உட்காரவிட்டால் போதும்.